மூடி போட்டுத் தூங்கின வண்டிகள்

இன்னைக்கு எபிசோடுக்கான கேள்வி ரொம்பச் சின்னது. கூரையில் சோலார் பேனல் மாட்டின ஒரு வண்டியை மாசக்கணக்கில் குளிரில் நிறுத்தி வைக்கணும். மேல கவர் போட்டு மூடுறதா, திறந்தே விடுறதா?

நம்ம ஊர்ல கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல நிக்கிற வண்டிதான் ஞாபகம் வரும். கனடா, ஜெர்மனி மாதிரி இடங்கள்ல சாதாரணக் குடும்பங்களே மோட்டார்ஹோம் வச்சிருக்காங்க. உள்ளேயே அடுப்பு, கட்டில், பாத்ரூம். கோடை முழுக்க சுத்திட்டு, பனி விழ ஆரம்பிச்சதும் சில மாசம் ஓரமா நிறுத்திடுவாங்க. கவர் போட்டா பனி, இலைச்சருகு, பறவை எச்சம் எதுவும் கூரையைத் தொடாது. ஆனா பேனலுக்கு வெயிலும் கிடைக்காது. வண்டி சும்மா நின்னாலும் கேஸ் கசிவு அலாரம் மாதிரி சின்ன ஐட்டங்கள் சொட்டுச் சொட்டா கரண்ட் குடிச்சுக்கிட்டே இருக்கும்.

இங்கதான் பேட்டரி உள்ளே வருது. லெட்-ஆசிட் பேட்டரி ஃபுல் சார்ஜில் இருந்தா கடுங்குளிரையும் தாங்கும். சார்ஜ் இறங்கிட்டா உள்ளே இருக்கிற ஆசிட் நீர்த்துப்போய் கிட்டத்தட்ட தண்ணி ஆகிடும். மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைஞ்சு பெட்டியைப் பிளந்துடலாம். அதனால அந்தக் காலத்து அறிவுரை, ‘பேனலை மூடாதே’. இப்ப வர்ற லித்தியம் பேட்டரிக்குக் கதை தலைகீழ். ஜீரோ டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தினா உள்ளே லித்தியம் உலோகமா படிஞ்சு பேட்டரி கெட்டுப்போகும். பாதி சார்ஜில் கனெக்‌ஷனைக் கழட்டிட்டு மூடிடுறது உத்தமம். ஆக, பதிலை முடிவு பண்றது கவர் இல்ல, உள்ளே நீங்க எதைக் காப்பாத்தணும்ங்கிறதுதான்.

இதே கேள்வியை, பக்கத்துல போய் எட்டிப் பார்க்கவே முடியாத ஒரு பார்க்கிங் இடத்துக்காக உட்கார்ந்து யோசிச்சவங்க இருக்காங்க. சோவியத் இன்ஜினியர்கள். இடம், நிலா.

1970 நவம்பர் 17. லூனா 17 விண்கலம் நிலாவுல ‘மழைக்கடல்’னு பேர் வச்சிருக்கிற சமவெளியில் இறங்குது. அதிலிருந்து 756 கிலோ எடையில், எட்டுச் சக்கரத்தோட ஒரு வண்டி உருண்டு வருது. பேரு லுனோகோத் 1. வேற கிரகத்திலோ நிலவிலோ ரிமோட்டில் ஓடின முதல் வண்டி இதுதான். அடிச்சட்டத்தையும் சக்கரங்களையும் வடிவமைச்சது லெனின்கிராட்ல ராணுவ டாங்கி டிசைன் பண்ற நிறுவனம், அலெக்சாந்தர் கெமுர்ஜியான் தலைமையில். பார்க்கிறதுக்குக் குளியல் தொட்டிக்கு மூடி போட்டு சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். அழகு எல்லாம் கிடையாது. ஆனா அந்த மூடி இருக்கே, அதுக்காகத்தான் இந்த எபிசோடே.

நிலாவில் ஒரு ராத்திரி நம்ம கணக்குக்கு ரெண்டு வாரம். வெப்பம் மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே போகும். பேட்டரி, சர்க்யூட், சாலிடர் வச்ச இடம் எல்லாமே அந்தக் குளிரில் விரிசல் விடலாம். சரி, நல்லா போர்த்தி விட்டுடலாமேன்னா பகல்ல வேற பிரச்சினை. நிலாவில் காத்து இல்ல. வண்டியின் சூடு வெளியே போக ஒரே வழி, ஒரு திறந்த பரப்பிலிருந்து விண்வெளிக்குக் கதிர்வீச்சா போறதுதான். அதனால தொட்டியோட மேல்பரப்பையே ரேடியேட்டரா வச்சாங்க. அதுக்கு மேல கீல் போட்ட மூடி. மூடியோட உள்பக்கம் சோலார் பேனல்.

பகல்ல மூடி திறக்கும். பேனல் வெயிலைப் பார்க்கும், ரேடியேட்டர் சூட்டைக் கக்கும். ராத்திரி வரப்போகுதுன்னா மூடி இறங்கும். பேனல் உள்ளே பத்திரம், ரேடியேட்டருக்கும் போர்வை போட்டாச்சு. உள்ளே பொலோனியம்-210 வச்ச ஒரு கதிரியக்க ஹீட்டர் கதகதப்பைப் பார்த்துக்கும். ரெண்டு வாரம் கழிச்சு சூரியன் வந்ததும் திறந்து மறுபடி சார்ஜ்.

மூணு நிலாப் பகல் ஓடினா போதும்னுதான் திட்டம். பதினொண்ணு ஓடிச்சு. பத்தரை கிலோமீட்டர். பொலோனியம்-210 சுமார் 138 நாளுக்கு ஒருமுறை பாதியா குறையும், அதனால பத்து மாசத்தில் ஹீட்டர் கால்வாசிக்கும் கீழே போயிருக்கும். 1971 செப்டம்பர் 14-க்கு அப்புறம் வண்டிகிட்டயிருந்து பதில் இல்ல.

எனக்கு இந்த மூடி ரொம்பப் பிடிக்கும், கூடவே ஒரு பயமும் உண்டு. ஒரே பாகம் பேனலைத் தாங்குது, போர்வையாவும் இருக்கு, ரேடியேட்டரையும் கண்ட்ரோல் பண்ணுது. கோட் எழுதுறவங்களுக்குத் தெரியும், ஒரே ஃபங்ஷன் மூணு வேலை பார்த்தா, ஒண்ணுல வர்ற கோளாறு மத்த ரெண்டுக்கும் போகும். அடுத்த வண்டியில் அப்படியே நடந்தது.

1973 ஜனவரியில் லுனோகோத் 2 இறங்குது. நாலு மாசத்தில் 39 கிலோமீட்டர். பூமிக்கு வெளியே இந்தத் தூரத்தை முறியடிக்க 2014-ல செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி வரவேண்டியிருந்தது. ஓட்டினவங்க உட்கார்ந்திருந்தது கிரிமியாவில், அஞ்சு பேர் குழு. சிக்னல் போய் வரவே ரெண்டரை செகண்ட். டிவியில் வந்தது வீடியோ கூட இல்ல, ஒவ்வொண்ணா வர்ற ஸ்டில் படங்கள்.

மே 9. வண்டி ஒரு பள்ளத்துக்குள்ள இறங்குது. திறந்திருந்த மூடி பள்ளத்தோட சுவரில் உரசி, மண்ணை அள்ளிக்குது. பேனல் மேல நிலா மண். கரண்ட் குறையுது, ஆனாலும் வெளியே வந்துட்டாங்க. ஆனா கொஞ்ச நாளில் ராத்திரி வருமே? மூடாம விட்டா குளிர் கொன்னுடும். மூடினா பேனல் மேல இருக்கிற மண் எங்கே போகும்? நேரா கீழே, ரேடியேட்டர் மேல.

மூடினாங்க. வேற வழி இருந்ததா எனக்குத் தெரியல. மண் மூடின ரேடியேட்டரால சூட்டை வெளியே தள்ள முடியல. உள்ளே வெப்பம் ஏறிக்கிட்டே போச்சு. ஜூன் ஆரம்பத்தில் பணி முடிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. குளிர்லேர்ந்து காப்பாத்த வச்ச மூடியால வண்டி சூட்டில் செத்துச்சு.

ஒரு கிளைக்கதை: 1993-ல நியூயார்க் ஏலத்தில் அந்த வண்டியை 68,500 டாலருக்கு ஒருத்தர் வாங்கினார். அல்டிமா கேம் எழுதின ரிச்சர்ட் காரியட். டெலிவரி மட்டும் இன்னும் ஆகல.

மூடியே வேண்டாம்னு போனது நாசா. 2004-ல செவ்வாய்க்குப் போன ஸ்பிரிட்டோட பேனல்கள் எப்பவும் திறந்தேதான் இருக்கும். உள்ளே இதமா வச்சிருக்கக் குட்டிக் கதிரியக்க ஹீட்டர்கள். தூசி படியும், சில சமயம் காத்து வந்து துடைச்சுட்டுப் போகும். குளிர்காலம் வந்தா வேற டெக்னிக்: செவ்வாயின் தென்பாதியில் அப்ப சூரியன் வடக்கே தாழ்வா இருக்கும், அதனால வடக்கு பார்த்த சரிவில் வண்டியைச் சாய்ச்சு நிறுத்துவாங்க. மூணு குளிர்காலம் இப்படிப் போச்சு. 2009-ல சக்கரம் மணலில் மாட்டிச்சு. சாய்க்க முடியல. 2010 மார்ச் 22-ல கடைசிப் பேச்சு.

இப்ப நம்ம பிரக்யான். விழுப்புரம் வீரமுத்துவேல் திட்ட இயக்குநரா இருந்த சந்திரயான் 3-ல போன 26 கிலோ வண்டி. 2023 ஆகஸ்ட் 23-ல நிலாவின் தென்துருவப் பக்கம் இறங்குச்சு. ஒரு நிலாப் பகலுக்குத்தான் வடிவமைப்பு. லுனோகோத் மாதிரி மூடியும் இல்ல, கதிரியக்க ஹீட்டரும் இல்ல. நூறு மீட்டர் ஓடி, வேலையை முடிச்சதும் செப்டம்பர் 2-ல தூங்க வச்சாங்க. பேட்டரி ஃபுல் சார்ஜ், ரிசீவர் ஆனில். பேனலை மட்டும் 22-ம் தேதி சூரியன் உதிக்கப்போற திசைக்குத் திருப்பி வச்சாங்க. குளிரைத் தாங்கி எழுந்துட்டா லாபம்னு ஒரு சான்ஸ். எழுந்திருக்கல. இதைத் தோல்வின்னு சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன். ராத்திரியைத் தாங்கணும்னா அந்த எடையையும் கூடவே தூக்கிட்டுப் போகணும், லுனோகோத் முக்கால் டன்னா இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

லுனோகோத் 1 மேல பிரான்ஸ்ல செஞ்ச ஒரு லேசர் பிரதிபலிப்பான் இருக்கு. 2010 ஏப்ரலில் அமெரிக்க விஞ்ஞானிகள் பூமியிலிருந்து லேசர் அடிச்சுப் பார்த்தாங்க. கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கழிச்சு, பளிச்சுன்னு வெளிச்சம் திரும்பி வந்தது. விக்ரம் லேண்டர்லயும் அப்படி ஒண்ணு இருக்கு. 2023 டிசம்பர் 12-ல நிலாவைச் சுத்துற நாசா விண்கலம் ஒண்ணு அடிச்ச லேசரை அது திருப்பி அனுப்பிச்சு. பிரக்யான் அதுக்குப் பக்கத்திலேயே, பேனலை விரிச்சபடி நிக்குது.