நிரல்மொழி: பற்றா, பயனா?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் எழில் என்னும் நிரல்மொழியைக் கற்பித்தேன். 'பதிப்பி' என்று தட்டெழுதியதும் தம் பெயர் திரையில் தோன்றக் கண்டு பிள்ளைகள் துள்ளினர். ஒரு மாணவன் மட்டும், "ஐயா, பூனை ஓடுற விளையாட்டு செய்யணும். ஸ்கிராட்ச்ல செய்யட்டுமா?" என்று கேட்டான். "தமிழ்ப்பள்ளியில் தமிழில்தான் செய்ய வேண்டும்" என்று மறுத்துவிட்டேன். அடுத்த வாரம் முதல் அவன் கழகத்திற்கு வரவில்லை. அந்த உறுத்தலே என்னை நிரல்மொழிகளின் வரலாற்றைப் படிக்கத் தூண்டியது.

1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான், அறிவியல் கணக்குகளுக்காகப் பிறந்தது. வணிகக் கணக்குகளுக்குக் கோபால் வந்தது. கணிதமும் அறிவியலும் பயிலாத மாணவர்களும் கணினியைக் கையாள வேண்டும் என்பதற்காக, 1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்சும் பேசிக்கை உருவாக்கினர். ஒவ்வொரு மொழியும் ஒரு தேவையின் பிள்ளை.

2007இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வெளியிட்ட ஸ்கிராட்ச்சின் கதை இன்னும் தெளிவானது. அது முதலில் ஸ்குவீக்கில் எழுதப்பட்டது. இணைய உலாவியில் இயங்க வேண்டிய நிலை வந்ததும், 2013இல் ஃபிளாஷுக்கு மாறியது. ஃபிளாஷின் காலம் முடியவிருந்த வேளையில், 2019இல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாறியது. பிள்ளைகளுக்கான நோக்கம் மாறவில்லை, கருவியே மாறியது.

நான் போற்றிய எழிலோ? முத்தையா அண்ணாமலை உருவாக்கிய அம்மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. நிபந்தனையை முன்னே வைத்து 'ஆனால்' என்பதைப் பின்னே வைக்கும் அதன் அமைப்பு, நம் வாக்கிய மரபோடு ஒத்துச் செல்கிறது. ஆயினும் எழில் எழுதப்பட்டதே பைத்தான் மொழியில்தான்! தமிழுக்குத் தொண்டு செய்தவரே வேலைக்கேற்ற கருவியைத் தயங்காமல் எடுத்திருக்கிறார். அந்த உரிமையை நான் ஒரு சிறுவனுக்கு மறுத்திருந்தேன்.

என் தந்தையார் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். 1973இல் கொள்கலன் முனையம் வந்தபின், கையிலிருந்த கொக்கி மெல்ல மெல்ல ஓய்ந்தது. அவர் அதற்காகக் கண்ணீர் வடிக்கவில்லை. பளுதூக்கி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்.

இன்று எங்கள் கழகத்தில், நிரல் என்றால் என்ன என்பதை எழிலில் தொடங்குகிறோம். தாய்மொழியில் முதல் தெளிவு எளிதாகப் பிறக்கிறது. விளையாட்டும் அசைவுப்படமும் செய்ய விரும்புவோர் ஸ்கிராட்ச்சிற்குச் செல்கின்றனர். அங்கும் அவர்கள் தமக்குள் விவாதிப்பது தமிழில்தான். இடைநிலைப்பள்ளியில் வேறு மொழிகள் வந்தாலும் அவர்கள் மிரளமாட்டார்கள்.

தமிழ்ப்பற்று நெஞ்சில் இருக்கட்டும். கைக்குரிய கருவியை வேலை தீர்மானிக்கட்டும். இதை நான் உணர்ந்தபோது அந்த மாணவன் ஆறாம் ஆண்டை முடித்துச் சென்றுவிட்டான். அவனிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்: செய்யலாம் தம்பி.