பெரட்டில் விழாத பெயர்கள்

1978ஆம் ஆண்டு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியாவும் இங்கிலாந்து ‘பி’ அணியும் மோதிய ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. இங்கிலாந்து அணிக்குப் பயிற்றுநராக வந்திருந்தவர் பாபி ராப்சன். மலேசியாவின் கோலை அடித்தவர் மொக்தார் டஹாரி. பந்தோடு தனியாளாக ஓடி, குறுக்கே வந்தவர்களை ஒவ்வொருவராகக் கழித்துவிட்டு அவர் வலைக்குள் அடித்த அந்தக் கோல்தான் நம் நாட்டின் தலைசிறந்த கோல் என்று மூத்த ரசிகர்கள் இன்றும் அடித்துச் சொல்வார்கள். ஆனால் அனைத்துலகக் காற்பந்துப் பதிவேட்டில் மொக்தாரின் பெயருக்கு நேரே நிற்கும் 89 கோல்களில் அது சேராது. ‘பி’ அணி ஒரு நாட்டின் முழு அணி ஆகாது என்பது விதி. 1975இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் இங்கு வந்து 0-2 எனத் தோற்றபோது இரண்டு கோலையும் அடித்தவர் இவரே. கிளப் ஆட்டம் என்பதால் அவையும் கழிந்துபோயின. ரசிகர்கள் மறக்காத கோல்கள் பதிவேட்டில் இல்லை, பதிவேட்டில் உள்ள கோல்களில் பல ரசிகர்களுக்கு நினைவில்லை. இந்த முரணை விதியின் மடத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனிமனிதச் சாதனை என்று நாம் கொண்டாடும் ஒவ்வோர் எண்ணிலும் ஆட்டக்காரரின் கால் பாதி, கணக்கெழுதியவரின் கை பாதி. இரண்டாவது பாதியை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் வரலாறு என்று சொல்லும்போதுதான் பிழை தொடங்குகிறது.

கணக்கெழுதுவதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள், அதிலும் அவர்களுடைய பல்கலைக்கழகக் காற்பந்து. நம் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியை முட்டித் தள்ளி ஓடுகிற ஆட்டம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களின் கணக்கைத் தனிப் புத்தகமாகவே வைத்திருக்கும். ஓர் ஆட்டத்தில் அதிகம், ஒரு பருவத்தில் அதிகம், படித்து முடிக்கும்வரை அதிகம் என்று வரிசை வரிசையாகப் பட்டியல். ஹோமர் குக் என்பவர் தொடங்கிய புள்ளிவிவர அலுவலகத்தின் வழியாக 1937 முதல் நாடு தழுவிய அதிகாரபூர்வக் கணக்கும் உண்டு. இவ்வளவு கட்டுக்கோப்பான இடத்திலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரான் டெய்ன் 1996 முதல் 1999 வரை ஓடிச் சேர்த்தது 6,397 கெஜம். 2016இல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டானல் பம்ஃப்ரி 6,405 கெஜத்தோடு அதை முறியடித்தார். வெறும் 8 கெஜ வித்தியாசம். அந்த 8 கெஜத்துக்குப் பின்னால் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. பருவம் முடிந்தபின் நடக்கும் ‘பௌல்’ என்ற சிறப்பாட்டங்களில் எடுத்த கெஜங்கள் 2002க்கு முன்னர் தனிநபர் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதற்குப் பின்னர் சேர்க்கப்பட்டன. டெய்னின் பௌல் ஆட்டங்களைக் கூட்டினால் அவருடையது 7,125. பம்ஃப்ரியின் எண்ணிலோ பௌல் ஆட்டங்கள் அடக்கம். சாதனையை முறியடித்த ஓட்டமே லாஸ் வேகாஸ் பௌல் ஆட்டத்தில்தான் வந்தது. பம்ஃப்ரி மீது பழி சொல்ல ஒன்றுமில்லை, விதிப்படிதான் அவர் முதல்வர். ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, நடுவில் 2002 என்ற ஆண்டை எழுதாமல் விட்ட பட்டியல் வாசகரை ஏமாற்றுகிறது.

இதே விதி பாரி சாண்டர்ஸைத் தொட முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 1988இல் 11 ஆட்டங்களில் 2,628 கெஜம் ஓடியவர் அவர். பருவம் நீண்டு, ஆட்டங்கள் கூடி, பௌலும் கணக்கில் சேர்ந்த பின்னரும் ஒரு பருவத்துக்கான சாதனையாக அந்த எண் நிற்கிறது. அவருடைய பௌல் ஆட்டத்தின் 222 கெஜத்தைச் சேர்க்காமலேயே நிற்கிறது. விதி தெரிந்து படிக்கும்போது ஒரு சாதனை சுருங்குகிறது, இன்னொன்று வளர்கிறது. விதியைக் கேட்பது சாதனையாளரைச் சிறுமைப்படுத்துவது என்று நினைப்பவர்களுக்குச் சாண்டர்ஸ் ஒருவரே போதும்.

இன்னும் ஆழமான சிக்கல் எண்ணப்படாத வேலை. எதிரணியின் பந்தெறிபவரைப் பந்தோடு தரையில் சாய்ப்பது அந்த ஆட்டத்தில் தற்காப்பாளரின் தலையாய பணி. அதற்குப் பல்கலைக்கழக ஆட்டத்தில் அதிகாரபூர்வக் கணக்கு வந்தது 2000இல்தான். அதற்கு முந்தைய தலைமுறைகளில் எத்தனையோ பேர் அந்த வேலையைச் செய்திருப்பார்கள். தேசியப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. நம் தோட்டங்களில் காலைப் பெரட்டில், அதாவது வருகைக் கணக்கெடுப்பில், பெயர் விழாவிட்டால் அன்றைக்கு மரம் சீவியதே இல்லை என்று ஆகிவிடும் அல்லவா, அதே கதிதான். நம் பக்கம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு ஆர். ஆறுமுகம். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த கோல்காவலர். 1980இல் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற அணியின் காவலர். (தகுதி பெற்றும் புறக்கணிப்பால் போகவில்லை என்பது வேறு சோகம்.) மொக்தாருக்கு 89 என்று சொல்லலாம், இன்னொரு மலேசிய ஆட்டக்காரரான சோ சின் அவுனுக்கு 195 அனைத்துலக ஆட்டங்கள் என்று சொல்லலாம். ஆறுமுகம் எத்தனை உறுதியான கோல்களைத் தடுத்தார் என்பதற்கு அப்படி ஓர் எண் யார் வாயிலும் இல்லை. அதனால்தான் அவர் நினைவு புள்ளிவிவரமாக வராமல் நீண்ட கைகள் பற்றிய கதையாகவும், ‘ஓலா போலா’ படத்தில் ஒரு கதாபாத்திரமாகவும் வருகிறது. கதை அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு காவலரோடு அவரை ஒப்பிடக் கதை உதவாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். காற்பந்தில் விதிக்கு விதி கணக்கு மாறலாம்; ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் பொய் சொல்லுமா? டாக்டர் மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90இல் முறியடிக்க 49 ஆண்டுகள் ஆயின. இதில் எந்தக் கணக்கப்பிள்ளையின் தயவும் இல்லையே என்பார்கள். கடிகாரம் பொய் சொல்லவில்லை, சரி. ஆனால் அதுவும் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரம். அந்த மெல்லிய காற்று குறுந்தூர ஓட்டக்காரர்களுக்குத் துணை செய்தது. செயற்கைத் தளம் போட்ட முதல் ஒலிம்பிக்கும் அதுதான். பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் நேரம் சாதனையாக ஏற்கப்படாது என்று விதி இருக்கிறது. உயரத்துக்கு அப்படி வரம்பு இல்லை. காற்றைக் கழிக்கிறோம், உயரத்தை விட்டுவிடுகிறோம். அது யாரோ எடுத்த முடிவு. இதனால் ஜெகதீசன் குறைந்துவிடவில்லை. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் மூன்று தங்கம் வாங்கியவருக்கு மெக்சிகோவின் காற்று சான்றிதழ் தரத் தேவையில்லை. 0.02 விநாடியை வைத்துக்கொண்டு இருவரில் யார் பெரியவர் என்று தீர்ப்பு எழுதுவதுதான் தவறு.

பினாங்குக்கு வருவோம். நம் ஊருக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட தனிமனித எண் ஒன்று உண்டென்றால் அது நிக்கோல் டேவிட்டின் 108. 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகச் சுவர்ப்பந்துத் தரவரிசையில் முதலிடம். அதற்கு முன் நியூசிலாந்தின் சூசன் டெவாய் வைத்திருந்தது 105. எட்டு உலகப் பட்டங்கள் தனி. புக்கிட் டும்பாரில் அவர் பெயரிலேயே சுவர்ப்பந்து மையம் இருக்கிறது. இந்த 108ஐயும் அதே கண்ணாடியால்தான் பார்க்க வேண்டும். அது வென்ற ஆட்டங்களின் எண் அல்ல. ஒரு காலகட்டத்தில் ஆடிய போட்டிகளின் புள்ளிகளைச் சராசரியாக்கி மாதந்தோறும் வெளியாகும் பட்டியலில் எத்தனை மாதம் பெயர் உச்சியில் நின்றது என்பதன் எண். ஆகவே தோற்றபோதும் அது கூடிக்கொண்டே போனது. 2013ஆம் ஆண்டுக்கான உலகப் போட்டி 2014 மார்ச்சில் நம் பினாங்கிலேயே நடந்தது. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் நிக்கோல் அரையிறுதியில் எகிப்தின் நூர் எல் ஷெர்பினியிடம் வீழ்ந்தார். பட்டம் லாரா மசாரோவுக்குப் போனது. அந்த மாதமும் 108இல் ஒன்றுதான். அதே ஆண்டு டிசம்பரில் கெய்ரோவில் ரனீம் எல் வெலிலிக்கு எதிரான இறுதியாட்டத்தில், தோல்வியின் விளிம்புக்கே போய் மீண்டு எட்டாவது பட்டத்தை வென்றாரே, அந்த மாதமும் ஒன்றுதான். இரண்டையும் அந்த எண் ஒரே தட்டில் வைக்கிறது. இடையில் அறுபட்ட தொடக்கக் காலத்தையும் கூட்டினால் முதலிடத்தில் அவர் இருந்தது மொத்தம் 112 மாதங்கள். எது ‘உண்மையான’ எண் என்று கேட்டால், தொடர்ச்சியைக் கேட்கிறீர்களா மொத்தத்தைக் கேட்கிறீர்களா என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வழியில்லை. எட்டு உலகப் பட்டங்கள் என்ற எண்ணை 2025இல் அதே எல் ஷெர்பினி தொட்டுவிட்டார். அதனால் 108இன் மதிப்பு கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு: பட்டம் ஒரு வாரத்து உச்சத்தை அளக்கிறது, 108 ஒன்பதாண்டு ஒழுங்கை அளக்கிறது, அந்த ஒழுங்குதான் நிக்கோலின் ஆட்டம்.

நிக்கோலுக்கு இந்த எண் கிடைத்ததற்குக் காரணம் அவருடைய விளையாட்டு மாதந்தோறும் கணக்கெழுதிய விளையாட்டு என்பதே. நம் மாநிலக் காற்பந்து வீரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1921இல் தொடங்கிய மலாயா கிண்ணம், பின்னர் மலேசியக் கிண்ணம் ஆனது. அதைப் பினாங்கு 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இந்த நான்கு ஆண்டுகள் ஊர்க்காரர்களின் நாவில் நிற்கின்றன. அந்த அணிகளில் யார் எத்தனை ஆட்டம் ஆடினார், யார் எத்தனை கோல் போட்டார் என்பது அப்படி நிற்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என வென்ற மலேசிய அணியில் ஷஹாருடின் அப்துல்லா, நமாட் அப்துல்லா போன்ற பினாங்குக்காரர்கள் இருந்தார்கள். மொக்தாரின் 89 தெரிந்த இளைஞரிடம் ஷஹாருடினின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். மாறாக 2016 பிப்ரவரி 16 அன்று நகர அரங்கில் பகாங்குக்கு எதிராகப் பினாங்கின் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீகிக், காற்றில் வளைந்து திசைமாறி வலைக்குள் போனதை உலகமே பார்த்தது. மறு ஆண்டு ஜனவரியில், ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது வந்தது. கணக்கில் அதுவும் ஒரு கோல்தான். ஆனால் ஒளிப்பதிவு இருந்தது. 1950களின் பினாங்கு முன்னணி ஆட்டக்காரர் அதைவிட அழகான கோல் போட்டிருந்தாலும் நாம் நம்ப ஆதாரம் இல்லை.

இதற்கு இரண்டு பேர் இரண்டு திசையிலிருந்து மறுப்புச் சொல்வார்கள். எண்ணே வேண்டாம், பார்த்தவர்களின் நினைவு போதும் என்பார் ஒருவர். நினைவு எண்ணைவிட ஓரவஞ்சனைக்காரி. கோல் போட்டவரை வைத்துக்கொண்டு பந்து கொடுத்தவரை மறக்கும். தலைநகர அணியை வைத்துக்கொண்டு மாநில அணியை மறக்கும். சோ சின் அவுன் 250க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார் என்று இங்கே பல காலம் பெருமையாகச் சொல்லப்பட்டது. கிளப்புகளோடும் தேர்வு அணிகளோடும் ஆடியவற்றைக் கழித்து 195 என்று வகுத்த பிறகுதான் உலக வரிசையில் ரொனால்டோவோடும் குவைத்தின் பதர் அல்-முத்தாவாவோடும் அவரை நேருக்கு நேர் நிறுத்த முடிந்தது. எண் குறைந்தது, மதிப்பு ஏறியது. மற்றவர் சொல்வது, ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்தைய கணக்கை இனி யார் தோண்டுவது என்று. தோண்டியிருக்கிறார்கள். மொக்தாரின் 89ஐயும் சின் அவுனின் 195ஐயும் பின்னாளில் ஆட்டம் ஆட்டமாகத் தேடித்தான் தொகுத்தார்கள். ஊதியம் இல்லாத புள்ளிவிவர ஆர்வலர்களின் வேலை அதில் பெரும்பங்கு.

பினாங்குக்கு அந்த வேலை இன்னும் எளிது. 1903 முதல் இங்கே ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ என்ற நாளேடு வந்துகொண்டிருந்தது; அக்காலத்து மலாயா ஏடுகள் பலவற்றைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் ஏற்றி வைத்திருக்கிறது. ஒரு கல்லூரியின் வரலாற்று மாணவர் நால்வர் உட்கார்ந்தால் 1953, 1954, 1958 கிண்ண அணிகளின் ஆட்டக் குறிப்புகளை ஒரு விடுமுறைக்குள் அடுக்கத் தொடங்கலாம். எல்லாம் கிடைக்காது, கோல் அடித்தவர் பெயர் விடுபட்ட செய்தியும், ஒரே ஆட்டத்துக்கு இரண்டு ஏடுகள் இரண்டு பெயர் சொல்வதும் பழைய நாளேடுகளைப் புரட்டுபவர்களுக்குப் புதிதல்ல. அந்த இடங்களில் ஊகித்து நிரப்பாமல் கட்டத்தை வெற்றாக விட்டு, எந்த ஏட்டைப் பார்த்தோம், எந்த ஆட்டங்களைச் சேர்த்தோம், நட்பு ஆட்டங்களை ஏன் விட்டோம் என்று பட்டியலின் தலையிலேயே எழுதிவிட வேண்டும். முதல் பட்டியலைக் கோல் அடித்தவர்களோடு தொடங்க வேண்டியதில்லை. 1974 இறுதியாட்டத்தில் பேராக்கை 2-1 என வென்ற அணியின் காவலரும் தற்காப்பாளர்களும் அந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டங்களில் கோலே விடாமல் காத்தார்கள் என்பதை நாளேட்டின் ஆட்ட முடிவுகளை வைத்தே கணக்கிட்டுவிடலாம்.