ஆத்துல விடுறதுக்கு முன்னாடி

போன மாசம் தஞ்சாவூர் வீட்டுல பழைய டெஸ்க்டாப்பை ஆன் பண்ணேன். பாட்டி பாடின மூணு நடவுப் பாட்டு அதுலதான் இருக்கு, வேற காப்பி கிடையாது. ஒரு ஃபைல் திறக்கவே அரை நிமிஷம் ஆச்சு. டெர்மினல்ல 'சுடோ ஸ்மார்ட்சிடிஎல் ஹைஃபன் ஏ ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ'ன்னு அடிச்சேன். மேல 'பாஸ்டு'ன்னு காட்டுச்சு. கீழே 197ஆம் எண்ல, படிக்க முடியாம நிக்கிற செக்டர்கள் 24!

டிஸ்க் தன் உடம்பைத் தானே கவனிச்சுச் சொல்ற இந்த யோசனையை 1992ல ஐபிஎம் கொண்டுவந்தது. 1995ல காம்பாக் தன்னோட முறையைப் பொதுத் தரமாக்க முன்வெச்சது. அதுதான் ஸ்மார்ட். ஈர்ப்பு அலை ஆய்வுக்காக நிறைய கம்ப்யூட்டர்களை ஓட்டின இயற்பியலாளர் புரூஸ் ஆலன், 2002ல ஸ்மார்ட்மான்டூல்ஸை ஆரம்பிச்சார். நான் அடிச்ச கமாண்ட் அதுலேர்ந்து வந்ததுதான்.

ஆனா டெல்டாவுக்கு இந்த வேலை புதுசில்ல. அந்தக் காலத்துல ஓலைச்சுவடியை அவிழ்த்து, பூச்சி அரிச்சிருக்கா, ஓரம் ஒடியுதான்னு பார்ப்பாங்க. எண்ணெய் தடவுவாங்க. தாங்காதுன்னு தெரிஞ்சா புது ஓலையில பெயர்த்து எழுதிட்டு, பழசை ஆடிப்பெருக்குல ஆத்தோட விடுவாங்க. பெயர்த்து எழுதாம விட்ட ஏடு போனது போனதுதான். தஞ்சை சரசுவதி மகாலை இரண்டாம் சரபோஜி வளர்த்ததும், கும்பகோணம் கல்லூரியில வேலை பார்த்த உ.வே.சா. பல ஏடுகளை ஒப்பிட்டு 1887ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சதும் ஏன் பெரிய விஷயம்னு இப்ப புரியுது.

'பாஸ்டு'ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் நம்பாதீங்க. 2007ல கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ஞ்சது. செத்துப்போன டிஸ்க்குகள்ல 36 சதவீதத்துக்கும் மேல, சூட்டை விட்டுட்டுப் பார்த்தா, எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் காட்டாமலே செத்திருக்கு. அதனால 5, 197, 198 எண்களைப் பாருங்க. அதுல ஏதாவது ஏறியிருந்தா முதல்ல காப்பி, அப்புறம்தான் டெஸ்ட். நீளமான டெஸ்ட் சாகக் கிடக்கிற டிஸ்க்கை இன்னும் படுத்தும்.

ரெண்டு பாட்டு முழுசா வந்துச்சு. மூணாவது பாதியில நின்னுடுச்சு. அத்தைக்கு போன் போட்டேன். மீதியை அவங்க பாடினாங்க, ரெண்டு சொல் மட்டும் எனக்கு ஞாபகம் இருந்த மாதிரி இல்ல. பாடபேதம்! பாட்டியோட குரல் அதுல இல்லதான். ஆனா பாட்டு இருக்கு, இப்போ மூணு இடத்துல.