துண்டு: மலைநாட்டுத் தோட்டங்களிற் பசியும் சட்டமும்

ஈன்ற தாய் பசியால் வாடக் காணினும் அறிவுடைப் பெரியோர் பழிக்கும் செயலை மேற்கொள்ளலாகாது என்பது வள்ளுவர் கொள்கை. மணிமேகலையோ, பசி வந்துற்றவிடத்து மனிதன் பேணி வந்த சிறப்புகள் யாவும் நிலைகுலையும் என்று கூறி, நாயூன் உண்ணத் துணிந்த முனிவன் ஒருவனின் கதையையும் எடுத்துக்காட்டுகின்றது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கற்கும் மாணவர், “இவற்றுள் எதனைக் கொள்வது?” என வினவுதல் இயல்பே. அவ்வினாவை வைத்து ஆராய்தற்கு ஏற்ற களமொன்று நம் மலைநாட்டு வரலாற்றிலே உண்டு. துண்டின்றித் தோட்டத்தை விட்டு ஓடுதல் சிறைக்குரிய குற்றமாயிருந்த காலமே அது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் எண்ணற்றோரை இலங்கைக்குத் துரத்தியது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னரும், 1884இல் அட்டனுக்கும் மறு ஆண்டில் நானு ஓயாவுக்கும் புகைவண்டி வந்த பின்னரும், அம்மக்களின் நிலை பெரிதும் மாறவில்லை. அவர்கள் கடனாளிகளாகவே மலையேறினர். ஊரிலே கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் அவர்தம் பெயரிலே எழுதப்பட்டன. தோட்டத்தில் வழங்கிய அரிசியும் கணக்கிலே பற்று வைக்கப்பட்டது. அடைமழையால் வேலை நின்றால் ‘பேர்’ விழாது. பேர் விழாத நாளுக்குக் கூலியும் இல்லை. எனவே, சம்பள நாளிலே பெரட்டுக் களத்துக்குச் சென்றவன் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய மாதங்கள் பலவாகும்.

இவன் வேறு தோட்டம் நாட விரும்பினால் துண்டு வேண்டும். “இன்ன தொகையைச் செலுத்தினால் இவனை விடுவிப்போம்” என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டுவர். கட்டியது அவன் கணக்கிலே மீண்டும் ஏறும். தன்கீழ் வேலைக்கு இறங்கும் ஆட்களின் எண்ணிக்கைப்படி தலைக்காசு பெற்ற பெரிய கங்காணிக்கு, ஓர் ஆள் குறைதலும் நட்டமே. ஆகையால் துண்டு எளிதிற் கிட்டுவதில்லை. கிட்டாதவர் சிலர் சட்டி பானையும் குழந்தைகளுமாக இரவோடிரவாக வெளியேறினர்.

இதனை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் குற்றமெனக் கொண்டது. முன்னறிவித்தலும் தகுந்த காரணமும் இன்றி வேலையை விட்டு நீங்கியவனுக்கு மூன்று மாதம் வரை மறியல் விதிக்கலாம். அவனுக்கு அடைக்கலம் கொடுத்தலும் குற்றமே. கடனைத் தராது வேலையை விட்ட ஒருவனைக் குடியியல் வழக்கால் மடக்காது, திருடனைப்போலப் பிடியாணை கொண்டு தேடுதல் எவ்வகை நீதியோ!

எனினும், ஓடினவன்மீது பழியே இல்லை என்று விரைந்து கூறிவிடல் தகாது. வாங்கிய பணத்தைத் திருப்பாமற் போதல் வஞ்சனை என்பர் துரைமார். அக்கணக்கிலே அவன் கையெட்டாத வட்டமும் சூழ்ச்சியும் கலந்திருந்தமையால் அவ்வாதத்தை நான் பெரிதாக மதிக்கவில்லை. வேறொன்றே மனத்தை உறுத்துவது: இறந்தவர், ஓடியவர் ஆகியோரின் கடனைக் குழுவில் எஞ்சியோர் தலையிலே சுமத்தும் வழக்கமும் இருந்தது. ஒருவன் தன் பிள்ளைகளின் பசிக்கு அஞ்சி ஓட, அடுத்த காம்பராவிலே பசியோடிருந்தவனின் சுமை கூடிற்று. ஆயின் அச்சுமையை ஏற்றிய கை ஓடியவனுடையதன்று.

சட்டமே தன் வாயால் ஒன்றை ஒப்புக்கொண்டதும் இங்கே கருதத்தக்கது. உழைத்த மாதம் முடிந்து 60 நாள் கடந்தும் சம்பளம் கொடாதவிடத்து, வேலையை விட்டு நீங்கியவனைத் தண்டித்தலாகாது என 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. உணவுக்கு வழியற்றவன் ஒப்பந்தத்தை முறித்தல் ஓரெல்லைக்கு அப்பாற் குற்றமாகாது என்பதே இதன் பொருள். எல்லையை 60 நாளில் வகுத்தோர் அறுபது நாள் பட்டினி கிடந்தவரல்லர்.

இனி வள்ளுவரிடம் மீள்வோம். அவர் தடுத்தது சான்றோர் பழிக்கும் செயலையே. அயல் காம்பராவில் அரிசி திருடினவனை எந்தச் சான்றோரும் பழிப்பர். மணிமேகலையின் பசிக்கதையும் அவனுக்கு இரக்கத்தைத் தேடித்தருமேயன்றிப் புகழைத் தராது. தன் உழைப்பைத் தன்னோடு கொண்டு வேறிடம் சென்றவனைப் பழித்தனரா? 1875இல் அரசாங்க சிவில் சேவையிற் புகுந்து, நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்து சட்டத்தைக் காத்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களே, 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவி, இத்தண்டனைப் பிரிவுகளை ஒழிக்க உழைத்தார். அவர் பழித்தது ஓடியவனையன்று. அவனைச் சிறையிலிட்ட விதியையே.

1921, 1922ஆம் ஆண்டுகளிலே துண்டும் அச்சிறைத்தண்டனையும் ஒழிந்தன. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி, 1929இல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாயின. அதனோடு, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலைக்கும் ஓரெல்லை வரையறுக்கப்பட்டது.