ஆனையிறவும் சங்குப்பிட்டியும்: லினக்ஸ் புகுபதிகை அமைப்பின் வரலாறு

வன்னிப் பெருநிலத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டினுள் தரைவழியே புகுவோரைக் கண்காணிக்க ஒல்லாந்தர் ஆனையிறவில் ஒரு சிறு கோட்டையை வைத்திருந்தனர். இருபுறமும் கடனீரேரி சூழ ஒடுங்கிக் கிடக்கும் நிலம் அது. அத்தகைய வாயிலில் வருவோன் யாரென ஒருமுறை கேட்டறிந்தால் உள்ளே ஊர்தோறும் மீண்டும் கேட்க வேண்டியதில்லை. கணினியிற் பெயரும் கடவுச்சொல்லும் கூறி உட்புகும் செயலாகிய புகுபதிகையும் இவ்வெண்ணத்தின் மேலேயே எழுந்தது. வாயில் ஒன்றாயிருந்த காலத்தில் அது எளிதாகவும் இருந்தது.

லினக்சுக்கு முன்னோடியான யுனிக்ஸ் 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. அக்காலத்து முனையம் காகிதத்தில் அச்சடிக்கும் தொலைத்தட்டச்சுப் பொறியே. அதன் பெயர்ச்சுருக்கமான 'ரிரிவை' இன்றும் லினக்சில் வழங்குகின்றது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில், பயனரின் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் 'ஷெல்' என்னும் நிரலை ஸ்ரீபன் போண் புதிதாக அமைத்தார். புகுபதிகையின்போது அது பயனரின் இல்லக் கோப்புறையிலுள்ள 'புரொபைல்' என்ற கோப்பைப் படிக்கும். கட்டளைகளை எங்குத் தேடுவது, முனையம் எவ்வகையினது என்பன போன்ற மதிப்புகள் அங்கே குறிக்கப்படும். பின்னர்த் தொடங்கும் நிரல்கள் யாவும் அவற்றை மரபுரிமையாகப் பெறும். வாயில் ஒன்று, கோப்பும் ஒன்று.

இக்கோப்பின் பெயருக்கு முன்னே ஒரு புள்ளி உண்டு. அதனால் அது சாதாரணப் பட்டியலிற் தோன்றாது. இவ்வழக்கம் திட்டமிட்டு வந்ததன்று எனப் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய றொப் பைக் விளக்கியுள்ளார். புள்ளியையே பெயராகக் கொண்ட இரு பதிவுகளைப் பட்டியலில் மறைக்க முதலெழுத்தை மட்டும் சோதித்தமையால், புள்ளியிற் தொடங்கும் அனைத்தும் மறைந்துபோயின. பொதுப் பயனர் தம் அமைப்புக் கோப்பைக் கண்ணாலும் காணாதிருப்பதற்கு ஒரு குறுக்குவழியே காரணம் என்பது வருந்தற்குரியது.

கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்திற் பில் ஜோய் உருவாக்கிய சீ ஷெல் கோப்புகளை இரண்டாக்கியது. புகுபதிகையின்போது ஒருமுறை படிப்பது ஒன்று. ஷெல் தொடங்குந்தோறும் படிப்பது மற்றொன்று. கட்டளைகளுக்குப் பயனர் இடும் சுருக்கப்பெயர்கள் மரபுரிமையாகச் செல்லா. ஆதலின் இப்பிரிவு நியாயமானதே. ஆயின் 1989இற் பிறையன் பொக்ஸ் குனூ திட்டத்துக்கென எழுதிய பாஷ் ஷெல், இப்பிரிவையும் பழைய வழக்கத்தையும் ஒருங்கே ஏற்றது. புகுபதிகைக்கென அது 'பாஷ் புரொபைல்', 'பாஷ் லொகின்', 'புரொபைல்' என மூன்று பெயர்களை வரிசையாகத் தேடி, முதலிற் கிடைத்ததை மட்டும் படிக்கும். எவரோ கூறியதைக் கேட்டுப் பயனர் முதற்பெயரில் ஒரு கோப்பை ஆக்கிவிட்டால், அதுவரை இயங்கிவந்த 'புரொபைல்' பிழைச்செய்தி எதுவுமின்றிக் கைவிடப்படும்.

1991இல் லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்சை வெளியிட்டபின், வரைகலைத் திரையினூடாகப் புகும் வழியும் பரவியது. 2011இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரி வழியே யாழ்ப்பாணம் செல்வோருக்கு ஆனையிறவில் நாட்டப்பட்ட அறிவித்தல் கண்ணிற் படாதன்றோ? அவ்வாறே வரைகலை வழியாகப் புகுவோருக்குப் 'பாஷ் புரொபைலில்' எழுதியது பல வெளியீடுகளிற் சென்றடைவதில்லை. உள்ளே திறக்கும் முனையச் சாளரமும் பெரும்பாலும் புகுபதிகை ஷெல்லைத் தொடக்குவதில்லை. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைவோருக்கோ அது கிடைக்கின்றது. ஒரே பயனர், ஒரே கணினி. வந்த வழிக்கேற்ப நிலைமை வேறு.

இதனை எளிமையாக்க முயன்றோர் பலர். டெபியன் வெளியீடு புதிய பயனர் ஒவ்வொருவருக்கும் ஆயத்தக் கோப்புகளை வழங்கி, ஒன்றிலிருந்து மற்றதைப் படிக்கச் செய்தது. 2017இல் சிஸ்டம்டி என்னும் தொகுதி, 'பெயர் = மதிப்பு' என எளிதாக எழுதும் தனிக் கோப்புறையை அளித்தது; எழுத்துமுனையத்திற் புகுவோருக்கு அது எட்டாமையால் இதுவும் இன்னொரு வாயிலாகவே முடிந்தது. சண் நிறுவனத்தார் 1995இல் முன்மொழிந்த 'பாம்' என்னும் அடையாளச் சோதனை முறையே எல்லா வாயில்களுக்கும் பின்னே நிற்பது. அமைப்பை வைப்பதற்குத் தகுந்த இடம் அதுவே. எனினும் பயனர் தாமே அதில் எழுதும் வசதி, பாதுகாப்பு நோக்கிக் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டது.

தமிழ்ப் பயனருக்கு இது வெறும் வசதியின்மை அன்று. கணினி தமிழிற் பேசவேண்டுமெனில் மொழி மதிப்பை இக்கோப்புகளுள் ஒன்றிலே குறிக்கவேண்டும். லினக்சின் எழுத்துமுனையமோ 512 எழுத்துருவங்களுக்கு மேற் கொள்ளாது. கொம்பும் காலும் மெய்யோடு இணைந்துவரும் தமிழை ஒழுங்குபடுத்தி எழுதவும் அறியாது. 2007இல் வந்த டெபியன் நிறுவியிலும் வரைகலைத் திரையில் மட்டுமே தமிழைத் தெரிவு செய்ய இயன்றது. எனவே எல்லா வழிக்கும் பொதுவாகத் தமிழை அமைத்தவர், வரைகலைத் திரை பழுதுற்று எழுத்துமுனையத்துக்கு வரநேரும் நாளில், உதவிச் செய்திகளை வெறுங் கட்டங்களாகவே காண்பார். முனையத்தின் பெயர் 'லினக்ஸ்' எனின் ஆங்கிலம், அன்றேல் தமிழ் எனச் சோதிக்கும் சில வரிகளைப் புகுபதிகைக் கோப்பில் எழுதினால் இது தீரும். அவ்வரிகளை ஆனையிறவிலோ பரந்தனிலோ உள்ள மாணவர் தாமே எழுதவேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. தமிழைத் தெரிவு செய்தவுடன் வெளியீடே அவற்றைச் சேர்த்து வைத்தல் வேண்டும்.