கடைசிப் பக்கத்து ஒரு வரி

தமிழ் நாளிதழ் வரலாற்றில் மதுரைக்கு உரிய இடம் சிறிதன்று. சி.பா. ஆதித்தனார் 1942இல் 'தந்தி'யைத் தொடங்கியது இவ்வூரில்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் நடையில் வந்த அந்நாளிதழ் தேநீர்க் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் சென்று சேர்ந்தது. ஒரே தாளைப் பிரித்துப் பத்துப்பேர் படிக்கும் அவ்வழக்கம் வில்லாபுரம் போன்ற பகுதிகளில் இன்று அருகிவிட்டது. அதே பெஞ்சில் அமர்ந்து அவரவர் கைப்பேசியில் படிக்கின்றனர். செய்தி குறையவில்லை, பெருகியே இருக்கிறது. குறைந்தது வேறொன்று.

அச்சிதழின் கடைசிப் பக்கத்து அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர், வெளியிட்டவர், ஊர், ஆசிரியர் என அனைத்தும் அதில் அடங்கும். அதன் வேர் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஆங்கில அரசு அதை விதித்தது கண்காணிப்புக்காகவே, அதில் ஐயமில்லை. ஆயினும் ஹதீஸ் கலையில் இஸ்னாத் செய்யும் பணியில் ஒரு சிறு பங்கை அவ்வரி செய்துவந்தது. சொன்னவர் யாரென அறியாமல் சொல்லை ஏற்பதில்லை என்பதல்லவா முஹத்திஸ்களின் நெறி! நம் சமுதாயத்தைப் பற்றிய ஓர் அவதூறு அச்சில் வந்தால், மறுப்புடன் செல்ல ஒரு முகவரி இருந்தது. பிழையும் மறுநாள் திருத்தமும் இரண்டுமே தாளில் நின்றன. கைமாறிக் கைமாறி வரும் கைப்பேசிச் செய்திக்கு ராவியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. கண்டியில் அறிஞர் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்', சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்', பா. தாவூத்ஷா 1923 முதல் நடத்திய 'தாருல் இஸ்லாம்' ஆகியவை நம் முன்னோர் தம் குரலில் பேசிய ஏடுகள். சிங்கை நேசன் வாழ்ந்தது ஏறத்தாழ மூன்றாண்டுகளே. எனினும் அதை இன்றும் படிக்க முடிகிறது. காரணம், தாள் நூலகத்தில் தங்கியது. ஆண்டுக் கட்டணம் நின்றுபோன வலைத்தளமோ ஓரிரவில் மறைகிறது.

நாளிதழ்ப் பிரதிகளை நூலகங்களுக்கு அனுப்பக் கோரும் நம் நாட்டுச் சட்டம் 1954இல் பிறந்தது. 1956இல் நாளிதழ்களும் அதில் சேர்ந்தன. சென்னைக் கன்னிமாரா நூலகம் அவ்வாறு பெறும் நூலகங்களுள் ஒன்று. ஆனால் அச்சட்டம் அறிந்தது அச்சை மட்டுமே. 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அச்சிதழ்களுக்கானதே. பிரிட்டன் 2013இலேயே வலைத்தளங்களையும் நூலகச் சேமிப்பில் சேர்த்தது. சிங்கை நேசன் பிறந்த சிங்கப்பூரின் தேசிய நூலகம், தன் நாட்டு முகவரி கொண்ட வலைத்தளங்களை 2019 முதல் சட்டப்படியே சேகரித்து வருகிறது.