அசாயே யானை

இந்தியத் தரைப்படையின் மதராஸ் ரெஜிமென்ட் அணியும் சின்னம். கேடயத்தின் மேல் யானை ஒன்று நிற்க, பின்னணியில் இரண்டு வாள்கள் குறுக்காக அமைந்திருக்கும். தென்னாட்டுப் படைக்குத் தென்னாட்டு விலங்கு, பட்டத்து யானைகளின் வழிவந்த அடையாளம் என்று பார்த்தவுடன் எண்ணத் தோன்றும். உண்மையில் இந்த யானை பிறந்தது மராட்டிய மண்ணில், கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள்.

இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில், கைத்னா, ஜுவா ஆகிய ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகில் இருக்கிறது அசாயே கிராமம். 1803 செப்டம்பர் 23 அன்று மராட்டியத் தலைவர்களான தௌலத் ராவ் சிந்தியாவும் ரகுஜி போன்ஸ்லேயும் சேர்த்த படையை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆர்தர் வெல்லெஸ்லி அங்கே எதிர்கொண்டார். எதிர்ப்பக்கம் ஆளும் அதிகம், பீரங்கியும் அதிகம். சிந்தியாவின் காலாட்படை ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்றது; அன்று அதை நடத்தியவர் ஹனோவரைச் சேர்ந்த போல்மான். ஆற்றைக் கடக்க வழியே இல்லை என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். ஆனால் இரு கரைகளிலும் நேருக்கு நேர் ஊர்கள் இருப்பதைக் கண்ட வெல்லெஸ்லி, இத்தனை பக்கத்தில் இரண்டு ஊர் இருந்தால் நடுவே ஓர் இறங்குதுறை இல்லாமல் போகாது என்று கணித்தார். கணிப்பு தப்பவில்லை. வெற்றி கிடைத்தது என்றாலும் அதற்கான விலை பெரிது: கம்பெனிப் பக்கம் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறத்தாழ 1,580 பேர், களத்தில் இறங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெல்லிங்டன் பிரபுவாகப் புகழ்பெற்ற பிறகும், தாம் நடத்திய போர்களில் சிறந்தது எது என்று கேட்டால் அவர் அசாயேயைத்தான் சொன்னார்.

அவருடைய படையில் ஸ்காட்லாந்தின் 74, 78ஆம் ஹைலாண்டர் ரெஜிமென்ட்டுகளும் ஒரு பிரிட்டிஷ் குதிரைப்படையும் இருந்தன. மீதிப் பெரும்பகுதி மதராஸ் ராணுவம்: ஐந்து சிப்பாய்ப் பட்டாளங்களும் மூன்று குதிரைப்படைகளும். சிப்பாய்களில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்தார்கள். வெற்றிக்குப் பின் கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி (ஆர்தரின் அண்ணன்தான்) இந்தப் பிரிவுகளுக்குச் சிறப்புக் கொடிகள் வழங்க உத்தரவிட்டார். அவற்றில் இடம்பெற்றதே யானையும் ‘அசாயே’ என்ற பெயரும். பிரிட்டிஷ் படை மரபில் இது புதிய பழக்கமல்ல: எகிப்துப் போரில் நின்றவர்களுக்கு ஸ்பிங்ஸ், ஜிப்ரால்டரைக் காத்தவர்களுக்குக் கோட்டையும் சாவியும் சின்னமாகக் கிடைத்திருக்கின்றன. சண்டை நடந்த தேசத்தை ஓர் உருவத்தில் அடக்கிவிடுவது அவர்கள் வழக்கம். இந்தியா என்றால் யானை, அல்லது புலி.

ஆகவே ஒரே யானை இரண்டு நாடுகளில் வளர்ந்தது. அசாயே ஊரை ஒட்டி பீரங்கிகளின் வாயில் சிக்கிய 74ஆம் ஹைலாண்டர்களில், குவார்ட்டர்மாஸ்டர் ஒருவர் நீங்கலாக எல்லா அதிகாரிகளும் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். அந்த ரெஜிமென்ட் 1881இல் ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரியில் இணைந்தபோது யானை புதிய தொப்பிச் சின்னத்துக்குள் போயிற்று. 1959இல் அதுவும் ராயல் ஹைலாண்ட் ஃபியூசிலியர்ஸில் கலந்தது. 2006இல் அந்த ஃபியூசிலியர்ஸும் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்தின் கீழ் வந்தது.

மதராஸ் பக்கம் கதை இவ்வளவு சீராக ஓடவில்லை. 1858க்குப் பிறகு, சில குடிகள் மட்டுமே போருக்குத் தகுந்தவர்கள் என்ற ‘போர்க்குடிகள்’ கொள்கை வலுத்தது. 1880களில் மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்து பின்னர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய்கள் போருக்கு ஆகாதவர்கள் என்று உறுதியாக நம்பினார். மதராஸ் பட்டாளங்கள் சில கலைக்கப்பட்டன. சிலவற்றில் பெயரும் வரலாறும் அப்படியே இருக்க, ஆள் மட்டும் பஞ்சாபிகளாக மாறினார்கள். அசாயேயில் நின்ற 2ஆம் மதராஸ் பட்டாளத்துக்கு 1840-42இல் நடந்த முதல் அபினிப் போருக்காகச் சீனத்து டிராகனும் சின்னமாகக் கிடைத்திருந்தது. அந்தப் பட்டாளம் 62ஆம் பஞ்சாபியாக மாறி, பின்னர் 1ஆம் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் பகுதியாகி, 1947இல் பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தது. மதராஸ் சிப்பாய்கள் சம்பாதித்த டிராகன் அப்படித்தான் எல்லை தாண்டியது. எஞ்சிய 3ஆம் மதராஸ் ரெஜிமென்ட்டும் 1920களின் முடிவுக்குள் கலைந்தது. ஆள் தட்டுப்பாடு கொள்கையை வென்ற இரண்டாம் உலகப் போரின்போதுதான் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உருவானது.

சுதந்திரத்துக்குப் பின் ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. கொடியில் எழுதிய போர்ப் பெயர்களில் எவற்றை வைத்துக்கொள்வது? இந்தியர்களை அடக்குவதற்காக நடந்த போர்களின் பெயர்களை இந்திய ராணுவம் ஏற்கத்தகாதவை என்று ஒதுக்கியது. அசாயேயும் அதில் அடங்கும். 1950இல் குடியரசானதும் பல சின்னங்களில் மணிமுடி இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் ஏறியது. யானையை யாரும் இறக்கவில்லை. போர்ப்பெயரைக் கைவிட்டு, அதன் பரிசை மட்டும் வைத்துக்கொண்ட இந்த ஏற்பாடு தர்க்கத்துக்குப் பொருந்தாது; ஆனால் 1758 வரை பின்னோக்கிச் செல்லும் மரபைக் கொண்ட ஒரு படைக்கு வேறு எது பொருந்தியிருக்கும் என்பதும் கேள்விதான். இன்று யானைக்கு வலிமை, உழைப்பு, நம்பகம் என்று பொருள் சொல்லப்படுகிறது. கடமையில் உயிர் துறப்பதை உயர்த்திப் பேசும் கீதை வாசகம் ரெஜிமென்ட்டின் குறிக்கோளாகவும், ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பது போர் முழக்கமாகவும் அதனுடன் சேர்ந்திருக்கின்றன. ரெஜிமென்ட்டில் சேரும் இளைஞருக்கு மராட்டியர்மீது எந்தப் பகையும் இல்லை. மராட்டா லைட் இன்ஃபன்ட்ரியும் அதே ராணுவத்தில்தான் இருக்கிறது.

ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெல்லிங்டனில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்த ராணுவக் குடியிருப்பின் பெயர் அசாயேயில் வென்ற அதே ஆர்தர் வெல்லெஸ்லியின் பட்டப் பெயர். அங்குள்ள வெல்லிங்டன் பாரக்ஸ், ஜெனரல் ஸ்ரீநாகேஷின் நினைவாக ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் ஆகிவிட்டது. ஊருக்கு மட்டும் பழைய பெயரே நீடிக்கிறது.